அந்தப் பெயர் அச்சேறக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் வரும் இளம் பெண் நிருபரை நாயகியாகக் கொண்ட குற்றத் தொடர்கதையை வாரம் தவறாமல் படிக்கிறேன். மார்ச்சுவரி வாசல் காட்சிகளில் பினாயில் நெடியே மூக்கில் ஏறுகிறது. அப்படி எழுதத் தெரிந்தவர் கடைசி இரண்டு அத்தியாயங்களில் சறுக்கியிருப்பது வருத்தம் தருகிறது.

பாலியல் வன்கொடுமைக்குப் பின் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுமியின் வழக்கு அது. நாயகி எஃப்.ஐ.ஆரைச் செல்போனில் இறக்கிக்கொள்கிறாள். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றும்படி 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் பாலியல் குற்றங்களுக்கும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்ட வழக்குகளுக்கும் அந்த உத்தரவிலேயே விலக்கு உண்டு. இலவச நகல் புகார் கொடுத்த தாயின் கையில்தான் இருக்கும். நாயகி அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். எவ்வளவு கனமான காட்சி, கைநழுவிவிட்டது!

பிரேதப் பரிசோதனை இரவு 11 மணிக்கே முடிந்துவிடுகிறது. 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் இரவுப் பரிசோதனையை அனுமதித்தபோது கொலை, பாலியல் வன்கொடுமை வழக்குகளைச் சேர்க்கவில்லை. சட்டம் ஒழுங்கு கெடும் நிலை இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே இரவில் நாளிதழ்ப் பக்கத்தை அச்சுக்கு முடிக்கும்போது மரணக் காரணம் அவள் கையில் இருக்காது.

பொறுக்க முடியாதது அடுத்த அத்தியாயம். தாயிடம் வாங்கிய படமும் சிறுமியின் பெயரும் முதல் பக்கத்தில் வருகின்றன. தொடர் அதை அவள் வெற்றியாகக் கொண்டாடுகிறது. போக்சோ 23ஆவது பிரிவின்படி அது குற்றம்: 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகை உரிமையாளரும் பொறுப்பாவார். பெற்றோர் சம்மதித்தாலும், குழந்தை இறந்துவிட்டாலும், நீதிமன்றம் அனுமதிக்காமல் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று நிபுன் சக்சேனா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

பெயரை எடுத்தால் மட்டும் போதாது. "கீழத்தெரு மளிகைக் கடைக்காரர் மகள், 9ஆம் வகுப்பு மாணவி" என்று ஒரு வரி போதும், ஊருக்கே தெரிந்துவிடும். குற்றவாளி சித்தப்பா என்றால் அவர் பெயரையும் போட முடியாது. அதை வைத்தே சிறுமி யாரென்று பிடித்துவிடுவார்கள். செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் நல்ல டெஸ்கில் இரவில் வாக்குவாதம் நடப்பது இந்த மாதிரி ஒற்றைச் சொல்லுக்காகத்தான். தொடரில் டெஸ்கே இல்லை.

நூலாக வரும்போது இவற்றைத் திருத்தும்படி எழுத்தாளரிடம் சொல்லுங்கள். அந்த முதல் பக்கப் படத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி