பென்சிலோடு படிக்க வேண்டிய நினைவுக்குறிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்த கதையை ஜேம்ஸ் வாட்சன் சொல்லும், 1968இல் வெளியான ‘இரட்டைச் சுருள்’ நினைவுக்குறிப்பைப் பற்றித் தங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். டி.என்.ஏ.வை எக்ஸ் கதிரால் ஆராய்ந்த ரோசலிண்ட் பிராங்க்ளினை அந்த நூல் நடத்தும் விதம் அநீதியானது என்று கட்டுரையாளர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பிராங்க்ளினின் ஆய்வில் கிடைத்த 51ஆம் எண் எக்ஸ் கதிர்ப் புகைப்படத்தைப் பார்த்தவுடனேயே வாட்சனுக்கு டி.என்.ஏ.வின் அமைப்பு விளங்கிவிட்டது என்று எழுதியிருப்பது பிழை. பிராங்க்ளினுக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துப் பலரும் இதைச் சொல்கிறார்கள். உண்மையில் இது அவருடைய உழைப்பைக் குறைத்துவிடுகிறது. அவர் தந்தது ஒரு படம் மட்டும்தான் என்று ஆகிவிடுகிறது.

அந்தப் படம் 1952 மே மாதம் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் பிராங்க்ளினிடம் ஆய்வு மாணவராக இருந்த ரேமண்ட் கோஸ்லிங். மெல்லிய டி.என்.ஏ. இழையின் மீது 60 மணி நேரத்துக்கும் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்ச வேண்டியிருந்தது. அத்தனை நேரமும் கேமராவுக்குள் ஈரப்பதம் மாறக் கூடாது. அதற்காக ஹைட்ரஜன் வாயுவை உப்புக் கரைசல் வழியே செலுத்தி உள்ளே விட்டார்கள். சுமார் 75 விழுக்காடு ஈரப்பதத்தில் இழை படிகத்தன்மையுள்ள ‘ஏ’ வடிவம் எடுக்கும். ஈரம் இன்னும் ஏறினால் நீண்டு ‘பி’ வடிவமாகும். இரண்டும் கலந்த இழையைப் படமெடுத்தால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். முந்தைய படங்கள் பலவற்றின் சிக்கல் இதுதான். இரு வடிவங்களையும் பிரித்துக் காட்டியதே பிராங்க்ளினின் முதல் சாதனை. நினைவுக்குறிப்பில் இது ஓரிரு வரிகளில் கடந்துபோய்விடுகிறது.

இனி, படம் என்ன சொல்கிறது? நடுவில் பெருக்கல் குறிபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் மூலக்கூறு சுருள் வடிவம் கொண்டது என்று பொருள். புள்ளிகள் அமையும் கிடைவரிசைகளான அடுக்குக் கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால் சுருள் ஒரு முழுச் சுற்றுக்கு 34 ஆங்ஸ்ட்ராம் ஏறுவது தெரியும் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). மேலும் கீழும் பத்தாவது கோட்டில் விழும் தடித்த கறை 3.4 ஆங்ஸ்ட்ராமைக் குறிக்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்குப் பத்துப் படிகள். நான்காவது கோடு மட்டும் காணாமல் போயிருக்கும். மூலக்கூறுக்குள் ஒரே அச்சைச் சுற்றும் இரண்டு இழைகள் சுற்றின் உயரத்தில் எட்டில் மூன்று பங்கு விலகி நின்றால் இப்படி நேரும். எட்டில் மூன்றை நான்கால் பெருக்கினால் ஒன்றரை. அந்தக் கோட்டில் இரு இழைகளிலிருந்தும் வரும் அலைகள் அரைச் சுற்று மாறி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பிராங்க்ளினும் கோஸ்லிங்கும் தங்கள் கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார்கள்.

படம் சொல்லாதவையும் உண்டு. இரு இழைகளும் ஒரே திசையில் ஓடுகின்றனவா, எதிரெதிராகவா? இரு இழைகளையும் சேர்க்கும் படிகளாக அமையும் நான்கு காரங்களில் (அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின்) எது எதோடு இணைகிறது? இவற்றுக்கு அதில் விடையில்லை.

திசைக்கான விடை வேறோர் இடத்தில் இருந்தது. 1952 டிசம்பரில் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுக்காகக் கிங்ஸ் கல்லூரி தயாரித்த அறிக்கையில் ‘ஏ’ வடிவப் படிகத்தின் சமச்சீர் வகையைப் பிராங்க்ளின் தந்திருந்தார். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய மேக்ஸ் பெருட்ஸ் வழியாக அந்த அறிக்கை, அங்கே வாட்சனோடு சேர்ந்து அமைப்பைத் தேடிக்கொண்டிருந்த பிரான்சிஸ் கிரிக்கின் கைக்கு வந்தது. சுருளின் நீளத்துக்குச் செங்குத்தான அச்சில் 180 பாகை திருப்பினாலும் அமைப்பு மாறாது என்பது அந்தச் சமச்சீரின் பொருள். அப்படியானால் ஓர் இழை மேல்நோக்கியும் மற்றது கீழ்நோக்கியும் ஓட வேண்டும். குதிரை ஹீமோகுளோபினில் அதே சமச்சீரைக் கையாண்டிருந்த கிரிக்குக்கு இது உடனே பிடிபட்டது. கட்டமைப்பைத் தீர்மானித்ததில் புகைப்படத்துக்கு இருந்த பங்குக்கு இந்த ஒரு வரி சற்றும் குறைந்ததல்ல.

காரங்களின் கதையில் தவறுகள்தான் சுவை. அடினைனும் தைமினும் சம அளவு, குவானைனும் சைட்டோசினும் சம அளவு என்று எர்வின் சார்காஃப் முன்பே கண்டிருந்தார். ஆனாலும் வாட்சன் முதலில் ஒரே வகைக் காரங்களைத் தமக்குள் சேர்த்தார். இரட்டை வளையக் காரங்கள் இரண்டு சேரும் இடத்தில் சுருள் புடைக்கும், ஒற்றை வளையம் இரண்டு சேரும் இடத்தில் ஒடுங்கும். அதைவிடப் பெரிய பிழை, பாடநூலில் இருந்த, ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கும் ‘ஈனால்’ வடிவங்களை அவர் அப்படியே எடுத்துக்கொண்டது. அந்த ஹைட்ரஜன் நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் ‘கீட்டோ’ வடிவமே சரி என்று திருத்தியவர் வேதியியலாளர் ஜெர்ரி டோனஹியூ.

அந்தத் திருத்தம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அட்டையில் வெட்டிப் பார்த்தால் புரியும். ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் தைமினையும் அடினைனையும் வரையுங்கள். தைமினை ஈனால் வடிவில் வைத்தால் அதன் ஆக்சிஜனில் உள்ள ஹைட்ரஜன், அடினைனின் அமினோ ஹைட்ரஜனோடு நேருக்கு நேர் முட்டும். பக்கத்தில் இரண்டு நைட்ரஜன்கள் நடுவில் ஹைட்ரஜனே இல்லாமல் எதிரெதிரே நிற்கும். கீட்டோவாக மாற்றினால் இரு ஹைட்ரஜன் பிணைப்புகள் பொருந்தி அமரும். குவானைன், சைட்டோசின் ஜோடியையும் அதே அளவில் வெட்டி மேலே வையுங்கள். சர்க்கரையோடு இணையும் முனைகளின் இடைவெளி இரண்டு ஜோடியிலும் ஏறத்தாழ 11 ஆங்ஸ்ட்ராம்தான். 1953 பிப்ரவரி 28 காலையில் வாட்சனின் மேசையில் நடந்தது இதுவே. குவானைன் ஜோடிக்கு மூன்றாவது பிணைப்பு உண்டு என்பதை அவர்கள் அப்போது கணக்கில் எடுக்கவில்லை. 1956இல் அமெரிக்க வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் அதைச் சேர்த்தார்கள்.

நூலின் தோல்விப் பக்கங்களை அவசரமாகப் புரட்டிவிடக் கூடாது. 1951 நவம்பரில் வாட்சன் பிராங்க்ளினின் உரையைக் குறிப்பெடுக்காமல் கேட்டுவிட்டு, டி.என்.ஏ.விலுள்ள நீரின் அளவைத் தவறாக நினைவில் வைத்தார்; அதை நம்பி அவரும் கிரிக்கும், இழைகளின் முதுகெலும்பிலுள்ள பாஸ்பேட்டுகளை உள்ளே வைத்து மூன்று இழை மாதிரி செய்தார்கள். அவற்றைப் பிணைப்பதாகச் சொன்ன மெக்னீசிய அயனிகளை நீர் சூழ்ந்துகொள்ளும், பிறகு அவை எதையும் பிணைக்கா என்று பிராங்க்ளின் சுட்டிக்காட்டினார். சரியான மாதிரியில் குறைந்தது பத்து மடங்கு நீர் இருக்க வேண்டியிருந்தது. பாலிங்கும் பின்னர் மூன்று இழை மாதிரியில் பாஸ்பேட்டுகளை உள்ளே வைத்தார். அவற்றுக்கு ஹைட்ரஜனையும் மாட்டியதால் அவருடைய நியூக்ளிக் அமிலம் அமிலமாகவே இல்லை.

என் வேண்டுகோள் இதுதான். நூலை ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். அந்தக் காலத்தில் தமக்குத் தோன்றியதைத் திரும்ப எழுத முயன்றதாக வாட்சனே முன்னுரையில் சொல்கிறார். 1953 ஏப்ரல் 25 ‘நேச்சர்’ இதழின் மூன்று கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். குந்தர் ஸ்டென்ட் தொகுத்த 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் மூலக் கட்டுரைகளும் சேர்ந்தே இருக்கின்றன. வாட்சனும் கிரிக்கும் எழுதிய கட்டுரை, அதே இதழில் வரும் கிங்ஸ் கல்லூரி முடிவுகளின் விவரங்கள் தங்களுக்கு முன்பு தெரியாது என்கிறது. புகைப்படத்தைப் பார்த்ததையும் அறிக்கையைப் படித்ததையும் நினைவுக்குறிப்பு ஒப்புக்கொள்கிறது. பிராங்க்ளினை இழிவுபடுத்தும் அதே நூல்தான், அவருடைய அளவீடுகள் அவர் அறியாமல் பயன்பட்டதற்கான சாட்சியாகவும் நிற்கிறது. நூல் வெளிவந்தபோது மறுத்துப் பேச அவர் உயிரோடு இல்லை. 1958இல் 37 வயதில் காலமாகியிருந்தார். 1953 பிப்ரவரி 24ஆம் தேதிக்குள் இரு வடிவங்களுமே இரட்டை இழைச் சுருள்கள் என்று அவர் முடிவுக்கு வந்திருந்ததை அவருடைய குறிப்பேடுகள் காட்டுகின்றன. நினைவுக்குறிப்பில் இது இல்லை.

கட்டுரையோடு வெளியிட்ட 51ஆம் எண் படத்தின் கீழே பிராங்க்ளின் பெயர் மட்டுமே இருக்கிறது. திருத்தம் வெளியிடும்போது ரேமண்ட் கோஸ்லிங்கின் பெயரையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்