குமரி மாவட்டத்துப் பாடகர் குழுக்களில் கிட்டார் ஏந்தும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கையரே,

மார்த்தாண்டம் முதல் மயிலாடி வரை நம் மாவட்டத்து ஆலயங்களில் கிறிஸ்து பிறப்புப் பாடல்களுக்கான பயிற்சி மும்முரமாக நடந்துகொண்டிருக்கும் இந்த 2024 டிசம்பரில், உங்கள் பயிற்சிக்கு இடையூறாகிவிடக் கூடாதே என்ற எண்ணத்துடனேயே இதை எழுதுகிறேன். கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாவற்றையும் ஒரே கூடத்தில், மற்றவர் வாசிப்பதைக் காதில் வாங்கியபடி சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு உங்களுக்குப் பள்ளிப் பருவத்திலேயே கிடைத்துவிடுகிறது. ராக் இசைக்கு அடிப்படையும் அதுவே. ஆனாலும் உங்களில் பலர் அந்த இசையைக் கைப்பேசியில் ஓடும் ஒரு நிமிடக் காணொளியாக, விரல்வேகம் காட்டும் தனி வாசிப்பாக மட்டுமே அறிந்திருக்கிறீர்கள் என்பதை உங்களோடு பேசும்போதெல்லாம் உணர்கிறேன். இந்த ஆண்டு வெளிவந்தவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமான சில ஆல்பங்களை, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாறாமல், குழுவாக உட்கார்ந்து கேளுங்கள் என்று வேண்டிக்கொள்ளவே இம்மடல்.

முதலில் நீங்கள் கேட்க வேண்டியது, நைஜர் நாட்டைச் சேர்ந்த, சகாராப் பாலைவனத்துத் துவாரெக் இனக் கலைஞர் எம்டூ மொக்தாரின் 'ஃபியூனரல் ஃபார் ஜஸ்டிஸ்'. மே மாதத்தில் வெளிவந்த இந்த ஆல்பத்தை ஆண்டின் தலைசிறந்த ராக் ஆல்பம் என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். இசையை விரும்பாத, சமயப் பற்று மிகுந்த குடும்பத்தில் வளர்ந்த அவர், பழைய மிதிவண்டியின் பிரேக் கம்பிகளைத் தந்திகளாகக் கட்டித் தம் முதல் கிட்டாரைத் தாமே செய்துகொண்டவர். இடக்கையால் வாசிப்பவர். பாடுவது துவாரெக் மக்களின் தாய்மொழியான தமாஷேக்கில். பிரான்சின் பழைய ஆதிக்கத்தையும், தம் மண்ணின் வளம் சுரண்டப்படுவதையும், தாய்மொழி தேய்ந்துவருவதையும் அவர் பாடுகிறார். அந்தக் கோபம் சொற்களில் நின்றுவிடாமல் கிட்டாரின் ஓசையிலேயே ஏறிவிடுகிறது. அவருடைய தனி வாசிப்புக்குக் கீழே அஹ்மூது மதசானின் ரிதம் கிட்டாரும், மைக்கி கோல்டனின் பேஸும், சுலைமான் இப்ராகிமின் டிரம்ஸும் என்ன செய்கின்றன என்பதைத்தான் நீங்கள் ஊன்றிக் கேட்க வேண்டும். அந்த மூவரும் அசையாமல் நிற்பதால்தான் அவரால் அவ்வளவு தூரம் பறக்க முடிகிறது. அந்த மொழியில் ஒரு சொல்லும் அறியாத எனக்கு, நம் மொழியில் இப்படி ஓர் ஆல்பம் ஏன் குமரியிலிருந்து வரக் கூடாது என்ற ஏக்கத்தை இது உண்டாக்கியது. களியக்காவிளையைத் தாண்டினால் வந்துவிடும் திருவனந்தபுரத்தில் 'அவியல்' குழுவினர் மலையாளத்திலேயே ராக் பாடி 2008-இல் ஆல்பம் வெளியிட்டார்கள் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

அடுத்தது, இங்கிலாந்தின் 'தி கியூர்' குழுவின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்'. 2008-இல் வந்த முந்தைய ஆல்பத்துக்குப் பிறகு 16 ஆண்டுகள் கழித்து, இந்த நவம்பர் முதல் நாளன்று வெளிவந்த இதில் எட்டே பாடல்கள். முதல் பாட்டில் மூன்று நிமிடங்களுக்கும் மேலாக இசைக்கருவிகள் மட்டுமே ஒலிக்கின்றன. அதன் பிறகுதான் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாய் திறக்கிறார். பத்து நிமிடங்களுக்கு மேல் நீளும் கடைசிப் பாட்டிலோ, ஆறு நிமிடங்கள் கடந்த பின்பே குரல் நுழைகிறது. முன்னிசை எட்டு மாத்திரையைத் தாண்டினால் பொறுமை இழந்துவிடும் நமக்கு இது கடினமான பாடம்தான். ஆயினும் அந்தக் காத்திருப்பு வீண்போவதில்லை: டிரம்ஸ் மெதுவாக நடக்க, சைமன் கேலப்பின் பேஸ் கரகரப்பாக உறும, கீபோர்டு விரிந்துகொண்டே போக, குரல் வந்து சேரும்போது நம் மனம் அந்தத் துயரத்துக்கு முழுமையாக ஆயத்தமாகியிருக்கிறது. தம் அண்ணனின் மறைவைப் பற்றி ஸ்மித் பாடியிருக்கும் பாட்டில், சில சுரங்களே கொண்ட ஒரு பியானோ வரி திரும்பத் திரும்ப வருகிறது. அதைக் கீபோர்டு வாசிக்கும் தங்கையர் கட்டாயம் கேட்க வேண்டும். இரு கைகளையும் நிரப்பி வாசிக்க வேண்டும் என்ற நம் அவசரத்துக்கு அந்த வரி நல்ல மருந்து.

ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவும் 'தி பேட் சீட்ஸ்' குழுவினரும் ஆகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட 'வைல்ட் காட்' ஆல்பத்தை, பாடகர் குழுவினராகிய உங்களுக்கென்றே பரிந்துரைக்கிறேன். 2015-இல் ஒரு மகனையும் 2022-இல் இன்னொரு மகனையும் இழந்த கேவ், இறைவனையும் மகிழ்ச்சியையும் நோக்கிக் கைநீட்டிப் பாடுகிறார். அவர் தனியே பாடத் தொடங்கும் பாட்டுகள் பலவற்றில், ஒரு கட்டத்துக்கு மேல் பெருங்குழுவின் குரல்கள் எழுந்து அவரைத் தாங்கிக்கொள்கின்றன. நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் வில்லடிக்கும் புலவர் பாடிய அடியைப் பக்கத்தில் இருப்பவர்கள் ஏந்திப் பாட, கூட்டம் முழுவதும் சிலிர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆல்பம் அந்நியமாக இராது. டேவ் ஃப்ரிட்மன் செய்திருக்கும் ஒலிக்கலவையில் டிரம்ஸ் சற்றுத் தூக்கலாக இருப்பதாகச் சிலர் கருதலாம். எனக்கு அந்த முழக்கம் பாட்டின் பரவசத்துக்குத் தேவையாகவே படுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாக் ஒயிட்டின் 'நோ நேம்', ஜூலை மாதத்தில் அவருடைய இசைத்தட்டுக் கடைகளுக்கு வந்தவர்களின் பைகளில் பெயரே அச்சிடாத உறையில் இலவசமாகப் போடப்பட்டு, பிறகு முறையாக வெளியான ஆல்பம். புளூஸ் கிட்டாரின் முரட்டு அழகு வேண்டுவோருக்கு இது போதும். 'ஜூடாஸ் பிரீஸ்ட்' குழுவின் 'இன்வின்சிபிள் ஷீல்டு', அவர்களுடைய முதல் ஆல்பம் வெளிவந்து 50 ஆண்டுகள் நிறையும் வேளையில் வந்திருக்கிறது. எழுபது வயதைக் கடந்த அக்குழுப் பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் உச்சக் குரலைக் கேட்டபின், வயதைக் காரணம் காட்டி ஒதுங்கும் நம் மூத்த பாடகர்களை மீண்டும் அழைத்துவரத் தோன்றும். 'பிங்க் ஃபிளாய்டு' குழுவின் கிட்டார் கலைஞராக இருந்த டேவிட் கில்மரின் 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில், 2008-இல் மறைந்த, அதே குழுவின் ரிச்சர்டு ரைட் 2007-இல் வாசித்த கீபோர்டு ஒலிக்கிறது. ஒரு பாட்டை மகள் ரோமனி பாடியிருக்கிறார். டப்ளினைச் சேர்ந்த 'ஃபான்டெய்ன்ஸ் டி.சி.' குழுவின் 'ரொமான்ஸ்' நல்ல ஆல்பம் என்றாலும், அதன் முதல் பாதியில் இருக்கும் இறுக்கம் பின்பாதியில் இல்லை என்பது என் கருத்து.

இவற்றை ஆராதனையில் வாசியுங்கள் என்று நான் கேட்கவில்லை. ராக் இசை என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்களோடு நீங்கள் வாதாட வேண்டியதுமில்லை. பாமாலையும் கீர்த்தனையும் அவற்றுக்குரிய மரியாதையுடன் அங்கே இருக்கட்டும். ஆனால் அதே விரல்கள் சனிக்கிழமை மாலைகளில் வேறொன்றையும் உருவாக்க முடியும்; அதற்கு முன் ஒரு குழு எப்படி ஒரே மூச்சாக நாற்பது நிமிடங்கள் பேசுகிறது என்பதைக் கேட்டறிய வேண்டும்.

ஆகவே, புத்தாண்டு ஆராதனை முடிந்து பயிற்சிக் கூடங்கள் ஓய்ந்திருக்கும் ஜனவரியில் தொடங்கி, மாதம் ஓர் ஆல்பம் என்று ஒவ்வொரு குழுவும் கேட்கத் தொடங்குங்கள். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் பேஸ் கேட்காது. உங்கள் கூடத்திலிருக்கும் பெரிய ஸ்பீக்கர்களையே பயன்படுத்துங்கள். பாட்டுகளுக்கு நடுவே பேச்சு வேண்டாம், முடிந்தபின் எவ்வளவு நேரமும் பேசலாம். எம்டூ மொக்தாரில் தொடங்கி, நிக் கேவுக்குப் போய், அதன் பிறகு 'தி கியூர்' ஆல்பத்துக்கு வருவது புதியவர்களுக்கு எளிதாக இருக்கும். கூடம் கிடைக்காத குழுவினர் தக்கலையில் என் வீட்டு மாடிக்குத் தாராளமாக வரலாம். பத்துப் பேர் உட்காரும் இடமும் ஒரு நல்ல இணை ஸ்பீக்கர்களும் அங்கே இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் பாடல்களைப் பின்வரிசையில் அமர்ந்து கேட்கும் அண்ணன் ஒருவன்,
தக்கலை.