பனிக்கால வலிக்குக் கட்டம் இல்லை

ஐயா,

நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் ரத்தக்கூறு (ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளைக்கும் பரம்பரை நோய்க்கான கூறு) இருப்பது 1952இலேயே கண்டறியப்பட்டது. இந்த நோய் பற்றி இனி எதை ஆராயலாம் என்று இப்போது ஒரு நிறுவனம் ஆன்லைனில் கருத்துக் கேட்கிறது. படிவம் ஆங்கிலத்தில். எங்கள் பக்கம் சிக்னல் கிடைக்கவே மேட்டுக்கு ஏற வேண்டும். சரி, நானே பக்கத்துப் பாடிக்கு, அதாவது பழங்குடிக் குடியிருப்புக்குப் போய்ப் படித்துக்காட்டினேன்.

“பனியில் தேயிலை பறித்துவிட்டு வந்தால் எலும்பெல்லாம் குடைகிறதே, அதுக்கு என்ன வழி?” என்று கேட்டார் பணியர் பழங்குடிப் பெண் ஒருவர். குளிர் இந்த நோயின் வலியைக் கிளப்பும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால், படிவத்தில் மரபணு இருந்தது, மருந்து இருந்தது. அவர் கேட்டது இல்லை. ‘மற்றவை’ கட்டத்தில் தட்டினேன். பாதி வாக்கியத்தோடு நின்றுவிட்டது. அவர் பேச்சிலேயே வாட்ஸ்அப் குரல்பதிவாக வாங்கிக்கொள்ள என்ன தடை?

– வாசகர், கூடலூர்