நெல் விளையும் வன்னியில் ஏன் கடை அரிசி?

ஆசிரியருக்கு,

அரிசி விலை ஏறினால் சனம் பாணுக்கும் கோதுமை மாவுக்கும் மாறுகிறது என்று எழுதுகிறார்கள். இலங்கையின் வட பகுதியான எங்கள் வன்னியில் அது பாதி உண்மைதான். இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழும் காலபோக (மாரிமழைப் போக) நெல் வெட்டுகிற குடும்பமே ஐப்பசி, கார்த்திகையில் கடையில் அரிசி வாங்குகிறது.

ஆளுக்கு ஆண்டுக்கு 110 கிலோ என்று வைத்தால் ஐந்து பேருக்கு 550 கிலோ அரிசி. நூறு கிலோ நெல்லில் 65 கிலோ அரிசி விழும். ஆகவே 850 கிலோ நெல், 65 கிலோ மூட்டையில் 13. ஓர் ஏக்கரின் நடுத்தர விளைச்சலே இதைவிடக் கூட.

மெசின் வெட்டிய நெல்லில் ஈரம் 20 சதவீதம் வரை நிற்கும். கட்டிவைக்க 14க்கு மேல் போகக்கூடாது. போனால் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு விழும். 100 கிலோ ஈரநெல் காய்ந்தால் 93 கிலோதான். பசளைக் கடனும் மெசின் கூலியும் கழுத்தை நெரிக்கும்போது எவர் காயவைத்துக் காத்திருப்பார்? நெல் களத்திலிருந்தே லொறி ஏறிவிடுகிறது.

மிச்சம் வைத்தவர்களுக்கும் நெல்லைப் புழுக்குவதில், அதாவது ஊறவைத்து அவித்துக் காயவைப்பதில்தான், பிழை வருகிறது. பச்சைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறுகிற நெல்லுக்குத் தண்ணீர் மாற்றாவிட்டால் சோற்றில் புளித்த வாடை. அவித்ததை ஒரே வெயிலில் கொளுத்திக் காயவிட்டால் மணி கீறி, ஆலையில் பாதி குறுணலாகும். ஈரம் 16–18க்கு இறங்கியதும் குவித்துச் சாக்கால் மூடி, சில மணிநேரம் ஆறவிட்டு மறுபடி பரப்ப வேண்டும். ஆலையில் கொடுத்துப் புழுக்கலாம் என்றால், இரண்டு மூட்டைக்காக அங்கே அவிக்கும் தொட்டிக்கு நெருப்பு மூட்ட மாட்டார்கள்.

அடுத்தது நேரம். அரிசிமாப் புட்டுக்கு ஊறப்போட்டு, இடித்து, அரித்து, வறுக்க வேண்டும். கோதுமை மாவை அவித்து அரித்தால் போதும். விடியவே ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறுகிற பெண்ணிடம் மொட்டைக்கறுப்பன் என்ற பாரம்பரிய அரிசியின் சத்தைப் பற்றி மேடையில் பேசிப் பயனில்லை. கோதுமையோ முழுக்க இறக்குமதி. டொலர் இல்லாத 2022இல் பாண் விலை என்ன பாடுபடுத்தியது என்பது தெரியாதா?

ஊர்தோறும் ஒரு சீமெந்துத் தளம், ஈரம் பார்க்கும் கருவி ஒன்று, நாலைந்து மூட்டை புழுக்கும் சிறு தொட்டி. மானியம் ஒதுக்குவோர் மாசி அறுவடைக்கு முன் இவற்றைக் கமக்காரர் அமைப்புகளிடம் கொடுக்கட்டும்.

வாசகர்,
பரந்தன்