‘3 ஜிபியு ஒர்க்ஸ்டேஷன்’ என்று விற்ற கணினியில் மூன்றாவது கார்டுக்கு இடமில்லை: புகார்க் கடிதம்

அனுப்புநர்:
கட்டட முப்பரிமாணக் காட்சி வரைபவர் (சுயதொழில்),
மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கணினி விற்பனை நிறுவனம், சென்னை.

பொருள்: மூன்று கிராபிக்ஸ் கார்டு ரெண்டரிங்குக்கு ஒத்துவராத மதர்போர்டைக் கொடுத்தது; மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்.

ஐயா,

வணக்கம். மார்ச் 14 தேதியிட்ட பில்லின்படி உங்களிடம் ரூ. 2,38,000 கொடுத்து ஒரு கணினி வாங்கினேன். ‘3 ஜிபியு ரெண்டரிங் ஒர்க்ஸ்டேஷன்’, அதாவது மூன்று கிராபிக்ஸ் கார்டு போடும் கணினி, என்று பில்லில் அச்சடித்தவர்கள் நீங்கள்தான். மூன்று கார்டும் ஒழுங்காக ஓடிய நாள் இன்றுவரை ஒன்றுகூட இல்லை. நான்கு முறை புகார் பதிந்தேன். நான்கையும் ‘தீர்க்கப்பட்டது’ என்று நீங்களே மூடிவிட்டீர்கள். அதனால் இதை மின்னஞ்சலோடு விரைவுத் தபாலிலும் அனுப்புகிறேன்.

என் தொழில், கட்டப்போகும் வீடுகளையும் அடுக்ககங்களையும் கட்டி முடித்ததுபோலப் படமாக்கிக் காட்டுவது. மாடலிலிருந்து அந்தப் படத்தைக் கணினி கணக்கிட்டு உருவாக்குவதுதான் ரெண்டரிங். மூன்று ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் மூன்று பழைய கணினிகளில் கிடந்தன. பென்டிரைவோடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அலைவது அலுத்துப்போய், மூன்றையும் ஒரே கணினிக்குள் கொண்டுவர நினைத்தேன். வாங்கும் முன்பே, பிப்ரவரி கடைசியில், உங்களுக்கு எழுதிய மின்னஞ்சலில் மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டிருந்தேன். ஒவ்வொரு கார்டுக்கும் குறைந்தது எட்டு லேன் (செயலியோடு தரவு போய்வரும் பாதை) வேண்டும். போர்டிலேயே செருகும் எம்.2 வகை எஸ்எஸ்டி மூன்று போட வேண்டும். கார்டு ஒவ்வொன்றும் மூன்று ஸ்லாட் தடிமன் கொண்டது. கார்டுகளின் படத்தைக்கூட ஸ்கேல் வைத்து எடுத்து அனுப்பினேன்.

லேன் அதிகமுள்ள த்ரெட்ரிப்பர் செயலிக்கான போர்டு தேவைப்படுமா என்றும் கேட்டேன். போனில் பேசிய உங்கள் விற்பனைப் பிரிவுத் தம்பி, “அதெல்லாம் சர்வருக்கு சார், வீண் செலவு. இந்த போர்டுலயே மூணு எக்ஸ்16 ஸ்லாட் இருக்கு, தாராளமா போடலாம்” என்றார். எக்ஸ்16 என்றால் பதினாறு லேன். பிறகு வந்த கொட்டேஷனிலும் அதே வாசகம். நம்பிப் பணம் கட்டினேன்.

மூன்று ஸ்லாட் இருப்பது உண்மைதான். கீழே உள்ள மூன்றாவது ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பக்கம் கொஞ்சதூரம்தான் பொன்னிறக் கம்பிகள் தெரிகின்றன. மிச்ச நீளம் வெறும் பிளாஸ்டிக் பள்ளம். ஆளைப் பார்த்தால் பதினாறு, வேலைக்கு நாலு. அந்த நாலும் செயலியிலிருந்து நேராக வருவதல்ல, போர்டின் துணைச் சில்லான சிப்செட் வழியாக வருவது. சிப்செட்டுக்கும் செயலிக்கும் நடுவே இருப்பதே நாலு லேன் பாதைதான். சாட்டா டிஸ்க்குகள், நெட்வொர்க், யுஎஸ்பியில் பாதி எல்லாம் அதே சந்துக்குள் முட்டிக்கொண்டு போக வேண்டும்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. நீங்கள் போட்டுத் தந்த ரைசன் 9 7950எக்ஸ் செயலியில் 28 லேன்கள். சிப்செட்டுக்கு 4 போனால் மிச்சம் 24. இரண்டு கார்டுக்கு எட்டெட்டாக 16, இரண்டு எஸ்எஸ்டிக்கு நந்நான்காக 8. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. மூன்றாவது கார்டுக்கும் மூன்றாவது எஸ்எஸ்டிக்கும் சிப்செட் போடும் மிச்சம்தான். என் மின்னஞ்சலைப் படித்தவர் யாராவது இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டிருந்தால் கொட்டேஷனே வேறு மாதிரி வந்திருக்கும்.

கணினி வந்த அன்று மூன்றாவது கார்டை ஸ்லாட்டில் செருகவே முடியவில்லை. அதன் அடிப்பாகம், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மூடியிருக்கும் தகட்டில் இடித்தது. இடிக்காமல் என்ன செய்யும்? மூன்று ஸ்லாட் தடிமனில் மூன்று கார்டு என்றால் ஒன்பது இடம் வேண்டும். நீங்கள் அனுப்பிய கேபினட்டில் ஏழுதான். ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 20.32 மில்லிமீட்டர். ஏடிஎக்ஸ் என்ற பொது அளவில் வரும் எந்தப் போர்டிலும் இது மாறாது.

புகார் செய்ததும், ஸ்லாட்டையும் கார்டையும் தள்ளி வைத்து இணைக்கும் ஒரு ரைசர் கேபிள் அனுப்பி, கார்டைக் கேபினட்டின் முன்பக்கம் நிறுத்தி வைக்கச் சொன்னீர்கள். அப்படியே செய்தேன். அப்போதும் கார்டு கண்ணில் படவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு போர்டின் கையேட்டைப் புரட்டினேன். எம்.2 அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: குறிப்பிட்ட எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி போட்டால் கடைசி ஸ்லாட் இயங்காது. உங்கள் ஆள் மூன்றாவது எஸ்எஸ்டியை மாட்டியிருந்தது அதே இடத்தில்! அதைக் கழற்றியதும் திரை கறுப்பாகவே நின்றது. அந்தக் கேபிள் ஸ்லாட் இணைப்பின் மூன்றாம் தலைமுறைக்கானது, ஸ்லாட்டோ அதைவிட வேகமான நான்காம் தலைமுறை. கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் வேகத்தை ஒரு படி இறக்கிய பிறகுதான் திரை உயிர்பெற்றது, கார்டும் தெரிந்தது. என் மரம், செடி, மேசை, நாற்காலி மாடல்கள் அத்தனையும் இருக்கும் அந்த எஸ்எஸ்டி இன்று ஒரு யுஎஸ்பி டப்பாவுக்குள் வெளியே தொங்குகிறது.

கார்டு தெரிந்தபின், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் பார்த்தேன். மற்ற இரண்டும் நான்காம் தலைமுறை எக்ஸ்8, அதாவது நொடிக்குச் சுமார் 16 ஜிபி. மூன்றாவது மூன்றாம் தலைமுறை எக்ஸ்4, சுமார் 4 ஜிபி. கால் பங்கு. இந்தப் படத்தை அனுப்பியதற்கு உங்கள் சேவைப் பிரிவு எழுதிய பதில்: “கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்தக் குறைத்துக் காட்டும், கவலை வேண்டாம்.” சும்மா இருக்கும்போது கார்டு இறக்கிக்கொள்வது தலைமுறையை. லேன் எண்ணிக்கை பதினாறிலிருந்து நாலாகச் சுருங்காது. போதாக்குறைக்கு, நான் படம் எடுத்தது ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது. அதையும் அந்த மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தேன்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்16 கிடைக்கவில்லை என்று நான் சண்டைக்கு வரவில்லை. ரெண்டரிங்குக்கு எக்ஸ்8 போதும். காட்சி ஒருமுறை கார்டின் நினைவகத்தில் ஏறிவிட்டால் லேனுக்குப் பெரிய வேலையில்லை. சின்ன வீட்டு உள்ளலங்காரம் என்றால் எக்ஸ்4இல்கூட வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் என் வேலையில் பாதி, மரமும் புல்லும் நிறைந்த மனைப்பிரிவுகள். மூன்று கார்டு இருந்தாலும் நினைவகம் 72 ஜிபி ஆகிவிடாது. காட்சியின் முழுப் பிரதியையும் ஒவ்வொரு கார்டும் தன் 24 ஜிபிக்குள் வைத்தாக வேண்டும். கொள்ளாத டெக்ஸ்சர்களை (மாடல்களின் மேல் ஒட்டும் படங்களை) ரெண்டர் நடுவே ராமிலிருந்து திரும்பத் திரும்ப இழுக்கும்போதுதான் அந்தச் சந்து அடைக்கிறது. மற்ற இரண்டும் வேலையை முடித்துவிட்டு மூன்றாவதுக்காகக் காத்துக் கிடக்கின்றன. எஸ்எம்பிஎஸ் பற்றிக் குறை இல்லை. கார்டுக்கு 350 வாட் வீதம் கணக்குப் போட்டு 1600 வாட் சரியாகவே கொடுத்தீர்கள். அந்தக் கணக்கைப் போட்டவரையே போர்டையும் பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

முதல் இரண்டு கார்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. மேல் கார்டின் விசிறி கீழ்க் கார்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிறது. சித்திரை வெயிலில் அதன் நினைவகச் சூடு 110 டிகிரியைத் தொட்டது. அங்கே போனால் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இப்போது பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்து, மேசை ஃபேனை உள்ளே பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கிய இயந்திரம் இந்தக் கோலத்தில் நிற்கிறது.

அட்சய திருதியைக்குள் கொடுக்க வேண்டிய 30 நொடி வீடியோ ஒன்று, 750 ஃபிரேம். ஒரே கார்டில் ஃபிரேமுக்கு ஆறு நிமிடம் என்றால் 75 மணி நேரம். மூன்றும் சேர்ந்து ஓடியிருந்தால் 25 மணி நேரத்தை ஒட்டி முடிந்திருக்கும். நடுவே இரண்டு முறை மூன்றாவது கார்டு காணாமல் போய் ரெண்டர் நின்றது. கடைசியில் இணையத்தில் வாடகைக்கு ரெண்டர் செய்து தரும் ரெண்டர் ஃபார்முக்கு ரூ. 31,000 கட்டி முடித்துக் கொடுத்தேன்.

நான் கேட்பது இதுதான். போர்டு, செயலி, ராம், கேபினட் நான்கையும் திரும்ப எடுத்துக்கொண்டு, டிஆர்எக்ஸ்50 போர்டும் அதற்கான த்ரெட்ரிப்பர் 7000 வரிசைச் செயலியும் தாருங்கள். அதில் ஐந்தாம் தலைமுறை லேன்களே 48 வரை உண்டு. இப்போதுள்ள ராம் அந்தப் போர்டில் வேலை செய்யாது, ரிஜிஸ்டர்டு ராம்தான் போட வேண்டும் என்பதால் ராமையும் சேர்த்தே சொல்கிறேன். கார்டின் தடிமனுக்கு ஏற்ப ஒன்பது இடமுள்ள கேபினட்டோ, நான்காம் தலைமுறை ரைசரோடு திறந்த சட்டமோ வேண்டும். விலை வித்தியாசத்தை நான் கட்டுகிறேன். முடியாது என்றால் அந்த நான்குக்கும் பில் தொகையை ஜிஎஸ்டியோடு திருப்பிக் கொடுங்கள். இரண்டில் எதுவானாலும் ரெண்டர் ஃபார்ம் செலவு உங்களுடையது.

‘தொழிலுக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் ஆக மாட்டீர்கள்’ என்று உங்கள் மேற்பார்வையாளர் போனில் சொன்னார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. நான் வேலைக்கு ஆள் வைத்திருக்கவில்லை. அதே சட்டப்படி நான் குடியிருக்கும் மதுரையிலேயே மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் போடுவேன்.

பிப்ரவரி மின்னஞ்சல், கொட்டேஷன், பில், ஜிபியு-இசட் படங்கள், கையேட்டின் அந்தப் பக்கம், ரெண்டர் ஃபார்ம் ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். பொருளை எடுக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை வேறு டிஸ்க்கில் எடுத்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.