டிரெய்னரைக் குறை சொல்லும் முன் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிப்பவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மழைக்காலத்தில் சென்னை ரோட்டில் சைக்கிளை எடுக்க முடியாத என் போன்றவர்களுக்கு அது சந்தோஷமான விஷயம்தான். ஆனால் திரையில் நம் சைக்கிள் திடீரென்று நின்றுவிட்டால் இணைய வேகத்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு வரி இருந்தது பாருங்கள், அதைப் படித்ததும் வயிறு எரிந்தது. போன வருஷம் இதே யோசனையைக் கேட்டுத்தான் நான் காசை விட்டேன்.

நடந்தது இதுதான். ஹாலில் டிரெய்னர் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவி), அதில் சைக்கிளின் பின்பக்கத்தை மாட்டி, எதிரே லேப்டாப்பில் ஸ்விஃப்ட் (Zwift) என்ற சைக்கிள் மென்பொருள். வாட்டோபியா என்ற கற்பனைத் தீவில் நாம் மிதிக்கிற வேகத்துக்கு நம் உருவம் ஓடும். பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடும், அப்புறம் நான் பாட்டுக்கு மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருப்பேன், திரையில் வாட் (நாம் மிதிக்கும் சக்தியின் அளவு) 0, என் ஆள் ரோட்டோரம் காலை ஊன்றி நிற்பான். சில விநாடி கழித்து மறுபடி கிளம்புவான். இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டால் பெரிய பிளானுக்கு மாறச் சொன்னார்கள், மாறினேன், ஒன்றும் ஆகவில்லை. டிரெய்னர் வாங்கிய கடையில் கேட்டால் பெங்களூருவுக்கு சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். இருபது கிலோ சொச்சம் இருக்கிற இரும்பை பேக் பண்ணி அனுப்புவதை நினைத்தே பார்க்க முடியவில்லை.

இரண்டு தரப்புமே கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. டிரெய்னரிலிருந்து லேப்டாப்புக்கு வரும் சிக்னலுக்கும் இணையத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது ஹாலுக்குள்ளேயே ஆறடி தூரம் போகிற ரேடியோ அலை. இணையம் போனால் திரையில் மற்றவர்கள்தான் காணாமல் போவார்கள், ரோடு காலியாகிவிடும், நம் ஆள் தனியாக ஓடிக்கொண்டே இருப்பான். சென்சார் சிக்னல் போனால் நேர்மாறு: மற்றவர்கள் பறந்துகொண்டிருப்பார்கள், நாம் மட்டும் நிற்போம். எது காணாமல் போனது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எனக்கு இது ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

மீதிப் பாதி, லாக் கோப்பில் இருக்கிறது. விண்டோஸ் என்றால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் ஸ்விஃப்ட், அதற்குள் லாக்ஸ், அதில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. மென்பொருள் தன் பாட்டுக்கு எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதி வைத்திருக்கும், நம்மூர் மளிகைக் கடை நோட்டு மாதிரி. என் டிரெய்னர் ஆன்ட் பிளஸ் (ANT+) என்ற ரேடியோ முறை வழியாக, லேப்டாப்பின் யூஎஸ்பி துளையில் செருகும் டாங்கிள் என்ற குட்டி ரிசீவரோடு பேசுகிறது. அந்த முறையில் விநாடிக்குச் சுமார் நான்கு முறை தகவல் வர வேண்டும், வராத ஒவ்வொரு முறைக்கும் 'ஆர்எக்ஸ் ஃபெயில்' என்று ஒரு வரி விழும். ஆங்காங்கே ஒன்றிரண்டு விழுவது எல்லோர் வீட்டிலும் சகஜம், கவலைப்பட வேண்டாம். வரிசையாக விழுந்து, கடைசியில் சென்சாரைத் தேடப் போகிறேன் என்று ஒரு வரி வந்தால் அந்த இடத்தில்தான் நம் ஆள் காலை ஊன்றியிருப்பான். என் 40 நிமிஷ ஓட்டத்தில் 600-க்கு மேல் இப்படி வரிகள். கண்ணால் எண்ணப் பொறுமை இல்லாதவர்களுக்கு, கோப்பைப் போட்டால் வரைபடமாக்கித் தரும் ஸ்விஃப்டலைசர் என்ற தளமும் இருக்கிறது.

ஏன் விழுகிறது என்பதற்குக் காரணம் அலைவரிசை நெரிசல். ஆன்ட் பிளஸ் பேசுவது 2457 மெகாஹெர்ட்ஸில், இடம் மாறாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். புளூடூத் அப்படியில்லை, நெரிசல் உள்ள இடத்தைவிட்டுத் தாவித் தாவிப் போய்விடும். எங்கள் வைஃபை ரவுட்டர் 11-வது சேனலில் இருந்தது, அதன் மையம் 2462. அதாவது ஆன்ட் பிளஸ்ஸின் தலைமேலேயே குடித்தனம். ரவுட்டரை 1-வது சேனலுக்கு மாற்றினேன், வரிகள் ஓரளவு குறைந்தன. அக்கம்பக்கத்து ஃபிளாட் ரவுட்டர்களும் 11-ல்தான் இருக்கின்றன, அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியா சொல்ல முடியும்?

பெரிய வில்லன் வேறு. டாங்கிளைச் செருகியிருந்த, உள்ளே நீல நிறமாக இருக்கும் யூஎஸ்பி 3 துளைதான் அது. பக்கத்துத் துளையில் பாட்டுக்காக ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தேன். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில், அதாவது ஆன்ட் பிளஸ் பேசும் அதே பகுதியில், ரேடியோ இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. புதிதாக நான் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, டாங்கிளை லேப்டாப்பிலிருந்து இழுத்து டிரெய்னருக்குப் பக்கத்தில் தரையில் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். அடுத்த நாள் லாக்கில் ஒன்பது வரிகள். ஒன்பதே ஒன்பது!

சரி, நாலு விநாடி நின்றால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். பயிற்சியையே வாட் கணக்கில் வைத்துக்கொள்பவர்களுக்குக் கொஞ்சம் முழுகத்தான் செய்யும். முழு மூச்சாக மிதிக்கும் 20 நிமிஷ டெஸ்டின் சராசரி வாட்டில் 95 சதவீதத்தை எடுத்து அதை வைத்துத்தான் அடுத்த ஆறு வாரப் பயிற்சியே முடிவாகிறது. என் டெஸ்டில் 1200 விநாடிகளில் 70 விநாடி பூஜ்யம். காட்டிய சராசரி 199, பூஜ்யங்களை விட்டுவிட்டுப் போட்டால் 211. முதல் கணக்குக்கு 189, இரண்டாவதற்கு 200. பதினொரு வாட் வித்தியாசம், வயசாகிவிட்டதோ என்று நான் வருத்தப்பட்டதும் அதனால்தான்.

நீ களைத்துப்போய் நிஜமாகவே மிதிக்காமல் இருந்திருக்கலாமே என்றான் என் தம்பி. நியாயமான கேள்வி. ஓட்டத்தின் அளவுகள் விநாடிக்கு ஒரு வரி வீதம் பதிவாகும் ஃபிட் (FIT) என்ற கோப்பைத் திறந்து காட்டினேன். வாட் 0, மிதி வேகம் 0, ஆனால் இதயத் துடிப்பு 168, 168, 169. துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை புளூடூத்தில் தனியாக இணைந்திருப்பதால் அது மட்டும் தப்பித்திருக்கிறது. நிஜமாகக் காலை நிறுத்தியிருந்தால் பத்து, பதினைந்து விநாடியிலேயே துடிப்பு இறங்க ஆரம்பித்திருக்கும். பெரிய போட்டிகளிலும் கருவி காட்டும் அளவை அப்படியே நம்பிவிடுவதில்லை. 2020 டிசம்பரில் வாட்டோபியாவில் நடந்த முதல் யூசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) இ-ஸ்போர்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப்பில், வீரர்கள் அவரவர் இடத்திலிருந்தே கலந்துகொண்டாலும், எல்லோருக்கும் ஒரே மாடல் டிரெய்னர் கொடுத்தார்கள். உயர்மட்டப் பந்தயங்களில் வாட்டை அளக்கும் இரண்டாவது மீட்டரின் பதிவையும் கேட்டு ஒப்பிடுகிறார்கள். (அந்த முதல் பட்டத்தை ஆண்களில் ஜெயித்த ஜேசன் ஆஸ்போர்ன் அப்போது ஜெர்மனியின் துடுப்புப் படகு வீரராக இருந்தவர் என்பது எனக்குப் பிடித்த தகவல்.) பெடலில் மாட்டும் பவர் மீட்டரின் விலைக்கு நான் எங்கே போவேன், ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக எனக்கு மார்புப் பட்டைதான் இரண்டாவது சாட்சி.

புளூடூத்தில் டிரெய்னரை இணைப்பவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. பல டிரெய்னர்கள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புளூடூத் இணைப்பைத்தான் ஏற்கும். போனில் டிரெய்னர் கம்பெனியின் ஆப் பின்னணியில் திறந்து கிடந்தால் அது முந்திக்கொள்ளும், லேப்டாப் தேடிக்கொண்டே இருக்கும். ஆப்பை மூடினால் தீர்ந்தது, இதற்கெல்லாம் சர்வீஸ் சென்டர் எதற்கு.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அடுத்த வாரம் அந்த ஒரு வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் போட்டால் போதும். பெரிய பிளானை நான் இன்னும் ரத்து செய்யவில்லை, வருஷச் சந்தா கட்டிவிட்டேன், மார்ச் வரை ஓடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை.