மேடையில் மிருதங்கமும் பீக்கரும்: மாநாட்டு ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் ஆசிரியர் மாநாடுகளை நடத்தும் குழுவினருக்கு வணக்கம்.

தொடக்க விழாவில் நேரடி இசையோடு வேதியியல் செய்முறை காட்டும் எண்ணம் நல்லது, கைவிடாதீர்கள். ஆனால் எந்தச் செய்முறை, இசை எதைப் பின்தொடரும் என்பவற்றை அழைப்பிதழ் அச்சாகும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

நாங்கள் பரிந்துரைப்பது பிரிக்ஸ்–ரௌஷர் அலைவு வினை, அதாவது கரைசலின் நிறம் தானே திரும்பத் திரும்ப மாறும் வினை. சான் பிரான்சிஸ்கோவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இருவர் 1973இல் வெளியிட்டது. ஆசிரியர்கள் கூடும் அவைக்கு இதைவிடப் பொருத்தமானது எங்களுக்குத் தெரியவில்லை. நிறமற்ற கரைசல் மெல்லப் பொன்மஞ்சளாகும், சட்டென்று கருநீலமாகும், பிறகு வெளுக்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 15 விநாடி. நிமிடத்துக்கு 64 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று வைத்தால் அதற்குள் எட்டு அட்சர ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம் (முழுச் சுற்று) அடங்கும். ஆனால் நிறச் சுற்றின் நேரம் போகப் போக மாறும். அரங்கு சூடாக இருந்தால் வினை விரையும். அதனால் மிருதங்கக் கலைஞர் பீக்கரைப் பார்த்தபடி வாசிக்க வேண்டும், நீலம் விழும் இடத்தில் சமம் (தாளத்தின் முதல் அடி) விழ வேண்டும். பதிவு செய்த இசையால் இது ஆகாது. பத்துச் சுற்று அளவில் நீலம் வெளுக்காமல் நின்றுவிடும். அப்போது செய்முறை ஆசிரியர் கை உயர்த்தட்டும், கலைஞர் தீர்மானம் (முடிப்புச் சொற்கட்டு) வைத்து முடிக்கட்டும்.

மூன்று கரைசல்கள் தேவை, ஒவ்வொன்றும் நீரோடு சேர்த்து 1 லிட்டர். முதலாவதில் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 400 மி.லி. இரண்டாவதில் பொட்டாசியம் அயோடேட் 43 கிராம், அடர் கந்தக அமிலம் 4.3 மி.லி. (நீரில்தான் அமிலத்தை விட வேண்டும்). மூன்றாவதில் மலோனிக் அமிலம் 16 கிராம், மாங்கனீசு சல்பேட் 3.4 கிராம், கொதிநீரில் கரைத்த ஸ்டார்ச் 4 கிராம். மேடையில் 2 லிட்டர் பீக்கரில் முதல் இரண்டையும் 300 மி.லி. வீதம் ஊற்றிக் காந்தக் கலக்கியை ஓட விடுங்கள். மூன்றாவதிலும் 300 மி.லி. சேர்த்ததும் வினை தொடங்கும்.

பெரும்பாலும் காலை வாருவது தண்ணீர்தான். குளோரைடு அயனி அலைவை அடக்கிவிடும். குழாய் நீர், கேன் நீர் இரண்டும் வேண்டாம். கரைசலுக்கு மட்டுமல்லாமல், பீக்கரைக் கடைசியாக அலசவும் காய்ச்சி வடித்த நீரே வேண்டும். அடுத்த எதிரி மேடை விளக்கு: நீல, ஊதா விளக்கின் கீழ் பொன்மஞ்சள் தெரியவே தெரியாது. பீக்கருக்குப் பின்னால் வெள்ளை அட்டையும் வெள்ளை விளக்கும் வையுங்கள், ஒரு கேமரா அதைப் பெரிய திரைக்கு அனுப்பட்டும்.

30 சதவீதப் பெராக்சைடு பட்டால் தோல் வெளுத்து எரியும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கரைசலிலிருந்து அயோடின் ஆவி எழும் என்பதால் பாடகரும் நாதஸ்வரக்காரரும் மூன்று மீட்டராவது தள்ளி உட்காரட்டும். மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பாதீர்கள். முடிந்ததும் சோடியம் தயோசல்பேட் சுமார் 10 கிராமைச் சிறிது சிறிதாகப் போட்டு நிறத்தைப் போக்குங்கள். கரைசல் சூடாகும், அவசரப்பட வேண்டாம்.

இரண்டை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கக் கேட்கிறோம். தட்டில் மெத்தனால் ஊற்றிக் காட்டும் வண்ணச் சுடரால் அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர்கள் கடுமையாகத் தீக்காயம் பட்டிருக்கிறார்கள். தீ அணைந்ததாக எண்ணி மேலும் ஊற்றும்போது புட்டியிலிருந்தே சுடர் பீறிடும். நம் மேடையில் குத்துவிளக்கு வேறு எரிந்துகொண்டிருக்கும். இன்னொன்று, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் கிளிசரின் விட்டு விளக்கேற்றுவது. தூளின் நுண்மையையும் வெப்பநிலையையும் பொறுத்துப் பற்றும் நேரம் மாறும். பற்றவில்லையே என்று சிறப்பு விருந்தினர் குனியும் நேரத்தில் அது பற்றலாம். குத்துவிளக்கைத் திரியில் தீக்குச்சி வைத்தே ஏற்றுங்கள்.

ஒத்திகையை விழா நடக்கும் அதே அரங்கில், அதே நேரத்தில், ஏசி ஓடும்போது, கலைஞர்களோடு சேர்ந்து இரண்டு முறை நடத்துங்கள்.

அன்புடன்,
வேதியியல் ஆசிரியர்கள் சிலர்